சொல்பேச்சு கேட்காத நகல்

ஏதாவது ஒரு ஊரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸை எடுத்துக்கொள்வோம். முன்னறையில் ஆறேழு சிஸ்டங்கள். அவற்றில் டேலியும் எக்செல்லும் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளறையில், பழைய ஃபைல் கட்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி இரவு பகலாக உறுமிக்கொண்டிருக்கும். அதுதான் சர்வர். வாடிக்கையாளர்களின் கணக்கு, ஜிஎஸ்டி விவரம், ஸ்கேன் செய்த பத்திரம், பேலன்ஸ் ஷீட் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பெட்டி போனால் வேறு வாங்கிவிடலாம். உள்ளே இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. “பேக்கப் இருக்கா?” என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: “இருக்கு சார், சர்வர்ல ரெண்டு ஹார்ட் டிஸ்க் போட்டிருக்கோம்.”

இரண்டு டிஸ்க் போடுவது நல்ல ஏற்பாடுதான். சர்வரில் எழுதப்படுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒன்று செத்துப்போனாலும் மற்றதை வைத்து வேலை ஓடும். ரெய்டு என்று இதற்குப் பெயர். இந்த உத்திகளை வகைப்படுத்தி 1988-இல் கட்டுரை எழுதியவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ். மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தாக்குப்பிடிக்கும் பெரிய சேமிப்பிடமாக நடத்தலாம் என்று அவர்கள் காட்டினார்கள். டிஸ்க் பழுதுக்கு அது சரியான மருந்து. ஆனால் ஊழியர் ஒருவர் கைதவறி ‘2023-24’ ஃபோல்டரை டெலிட் செய்தால், அது முதல் டிஸ்க்கில் அழியும் அதே நொடியில் இரண்டாவதிலும் அழியும். மின்னழுத்தம் எகிறிப் பெட்டி கருகினால் இரண்டும் கருகும். திருடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் போகும்.

நகல் அசலைப் போலவே இருக்க வேண்டும். ஆனால் அசலின் சொல்பேச்சு கேட்கக் கூடாது. பேக்கப் என்ற ஏற்பாட்டின் சூட்சுமம் முழுவதும் இந்த முரணில்தான் இருக்கிறது. அசலில் புதிதாகச் சேர்ந்தது இன்றிரவே நகலுக்கும் வந்து சேர வேண்டும். அசலில் நேர்ந்த தவறு மட்டும் வரக் கூடாது. கம்ப்யூட்டருக்குத் தவறும் ஒரு மாற்றம்தான். இது நல்ல மாற்றம், இது கெட்ட மாற்றம் என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இந்தச் சிக்கலுக்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழிகள் பெரிய டேட்டா சென்டர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. ஆபீஸ் மூலையில் கிடக்கும் ஒரு சாதாரண சிஸ்டத்தை வைத்தே அவற்றைச் செய்துவிடலாம்.

செய்தே தீர வேண்டிய கட்டாயமும் சிலருக்கு உண்டு. கம்ப்யூட்டரில் கணக்கு வைத்திருக்கும் இந்தியக் கம்பெனிகள், இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் அதன் பேக்கப்பை வைத்திருக்க வேண்டும். ‘அவ்வப்போது’ எடுத்தால் போதும் என்று இருந்த விதியை 2022 ஆகஸ்டில் ‘தினந்தோறும்’ என்று மாற்றினார்கள். கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும் என்பது கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு.

மூலையில் இருக்கும் சிஸ்டம்

அந்த ஆபீஸ் சர்வரில் 400 ஜிபி அளவுக்கு ஃபைல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிகம் பயன்படாத ஒரு சிஸ்டத்தில் 2 டிபி டிஸ்க் ஒன்றைக் கூடுதலாகப் போட்டால் இடம் கிடைத்துவிடும். சர்வருக்கும் அதற்கும் நடுவே ஏற்கெனவே நெட்வொர்க் கேபிள் ஓடுகிறது. இரவில் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு அந்த வழி காலியாகத்தான் கிடக்கிறது.

ஓர் இரவு போதுமா என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கிகாபிட் நெட்வொர்க் என்றால் விநாடிக்கு 100 கோடி பிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட் என்பதால் விநாடிக்கு 125 எம்பி. முகவரி, சரிபார்ப்பு போன்ற மேல்செலவுகள் போகக் கையில் கிடைப்பது ஏறத்தாழ 110 எம்பி. அந்த வேகத்தில் 400 ஜிபியும் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். லட்சக்கணக்கான சின்ன ஃபைல்களாக இருந்தால் ஒவ்வொன்றையும் திறந்து மூடவே நேரம் பிடிக்கும். அப்போதும் விடிவதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் ஒரு கேபிள் இந்தக் கணக்கைக் கவிழ்த்துவிடும். நெட்வொர்க் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். பழைய 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டே போதும். எலி கடித்தோ, மேஜைக் காலில் நசுங்கியோ ஒரு ஜோடி அறுந்துவிட்டால், பல நெட்வொர்க் கார்டுகள் எந்தப் புகாரும் சொல்லாமல் 100-க்கு இறங்கிவிடும். ஸ்விட்சில் விளக்கு எரியும், இன்டர்நெட் வரும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பேக்கப் மட்டும் விநாடிக்கு 11 எம்பி என்று ஊரும். ஒரு மணி நேர வேலை பத்து மணி நேரம் ஆகும். காலையில் ஆபீஸ் திறக்கும்போதும் அது முடியாமல் இருக்கலாம்.

அடுத்த தடங்கல் மனிதர்களிடமிருந்து வருவது. மாலை ஆறரைக்குக் கிளம்புகிறவர் சிஸ்டத்தை ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அணைந்து கிடக்கும் சிஸ்டத்தை நெட்வொர்க் வழியாகவே எழுப்ப ஒரு வழி இருக்கிறது. சர்வர் ஒரு சின்னத் தகவல் பொட்டலத்தை எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும். அதில் முதல் ஆறு பைட்டும் 255 என்ற எண். பிறகு எழுப்ப வேண்டிய சிஸ்டத்தின் நெட்வொர்க் கார்டு முகவரி, ஆறு பைட், பதினாறு முறை திரும்பத் திரும்ப வரும். மொத்தம் 102 பைட். சிஸ்டம் தூங்கினாலும் அதன் நெட்வொர்க் கார்டு சொட்டு மின்சாரத்தில் விழித்திருந்து, தன் முகவரி பதினாறு முறை தொடர்ந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். வந்தால் பவர் பட்டனை அழுத்தியதுபோல் சிஸ்டத்தைக் கிளப்பிவிடும். அந்தச் சொட்டு மின்சாரம் வர வேண்டும் என்றால், சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் ஸ்விட்சை மட்டும் அணைக்காமல் விட வேண்டும். கிளம்பும்போது அதையும் தட்டிவிட்டுப் போகிற சிக்கனக்காரர்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. அதனால் அந்த ஸ்விட்சின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவதும் பேக்கப் வேலையில் சேர்ந்ததுதான்.

மாறியதை மட்டும் அனுப்பும் கணக்கு

400 ஜிபியையும் தினமும் அனுப்ப வேண்டிய தேவை இல்லை. ஓர் ஆபீஸில் ஒரு நாளில் மாறும் ஃபைல்கள் சொற்பம். மாறியவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபைலின் அளவும் கடைசியாகத் திருத்திய நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் அதை விட்டுவிடலாம். இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான ஃபைல்கள் கழிந்துவிடும்.

மாறிய ஃபைல்களில்தான் சுவாரசியம் இருக்கிறது. 1 ஜிபி அளவுள்ள ஒரு மெயில் ஃபைலில் இன்று நாலு கடிதம் கூடியிருக்கிறது. அந்த நாலு கடிதத்துக்காக முழு ஜிபியையும் அனுப்ப வேண்டுமா? பழைய பிரதி மூலைச் சிஸ்டத்தில் இருக்கிறது, புதியது சர்வரில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ஆனால் பக்கத்தில் வைக்க வேண்டுமானால் ஒன்றை மறுபக்கம் அனுப்பியாக வேண்டும். அனுப்பிவிட்டால் ஒப்பிடுவதற்கே அவசியம் இல்லை.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-இல் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். அவர்கள் எழுதிய ஆர்சிங்க் என்ற நிரல் இன்றும் உலகெங்கும் பேக்கப் வேலைக்கு முதுகெலும்பாக இருக்கிறது. லினக்ஸ் சர்வரில் இருக்கும் ஃபோல்டரை விண்டோஸ் சிஸ்டங்களில் திறக்க உதவும் சாம்பாவைத் தொடங்கியவரும் இதே ட்ரிட்ஜெல்தான்.

அவர்கள் வழி இது. மூலைச் சிஸ்டம் தன்னிடம் உள்ள பழைய ஃபைலைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கூட்டல் அடையாளம் கணக்கிட்டு, துண்டுகளை விட்டுவிட்டு அடையாளங்களை மட்டும் சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் தன் புதிய ஃபைலுக்குள் அதே அடையாளமுள்ள இடங்களைத் தேடுகிறது. கிடைத்த இடத்தில் “இது உன்னிடம் உள்ள 512-ஆவது துண்டு” என்று எண்ணை மட்டும் சொல்கிறது. கிடைக்காத பகுதியை அப்படியே அனுப்புகிறது.

கேட்க எளிதாக இருக்கும் இதில் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஃபைலின் தொடக்கத்தில் ஒரே ஓர் எழுத்துக் கூடியிருந்தாலும் பின்னால் உள்ள எல்லாம் ஓர் இடம் தள்ளிப்போயிருக்கும். ஆகவே சர்வர் துண்டு துண்டாகத் தாவித் தேட முடியாது. ஒவ்வொரு பைட்டிலிருந்தும் தொடங்கித் தேட வேண்டும். 1 ஜிபி என்றால் 100 கோடிக்கு மேற்பட்ட தொடக்க இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு முழுத் துண்டையும் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்துவிடும்.

இதைத் தாண்ட அவர்கள் கையாண்ட கூட்டலைச் சின்ன எண்களில் நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு துண்டில் 7, 3, 5, 1 என்ற நான்கு எண்கள். கூட்டினால் 16. ஆனால் 3, 7, 5, 1 என்று இடம் மாறியிருந்தாலும் 16-தான் வரும். அதனால் இடத்துக்கும் மதிப்புக் கொடுத்து இன்னொரு கூட்டல்: முதல் எண்ணை 4-ஆலும் அடுத்ததை 3-ஆலும் அதற்கடுத்ததை 2-ஆலும் கடைசியை 1-ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். 28, 9, 10, 1 சேர்ந்து 48. இடம் மாறிய வரிசைக்கு இது 44 ஆகிவிடும். ஆக 16, 48 இரண்டும் சேர்ந்ததுதான் இந்தத் துண்டின் அடையாளம்.

அடுத்து வரும் எண் 9 என்று வைத்துக்கொள்வோம். ஓர் இடம் தள்ளி எடுத்தால் 3, 5, 1, 9. இதற்கு மறுபடி முதலிலிருந்து கூட்ட வேண்டாம். 16-இல் விலகிப்போன 7-ஐக் கழித்துப் புதிய 9-ஐக் கூட்டினால் 18. பழைய 48-இல் நான்கு ஏழு இருபத்தெட்டைக் கழித்து, இப்போது கிடைத்த 18-ஐக் கூட்டினால் 38. நேரடியாகப் பெருக்கிப் பார்த்தாலும் 12, 15, 2, 9 சேர்ந்து 38-தான். துண்டில் நான்கு எண் இருந்தாலும் நாற்பதாயிரம் இருந்தாலும் ஓர் இடம் நகர்வதற்கு ஆகும் வேலை மாறாது. இந்தச் சிக்கனத்தால்தான் 100 கோடி இடங்களிலும் தேடுவது நடக்கிற காரியமாகிறது.

இந்த எளிய அடையாளம் தற்செயலாக ஒத்துப்போகவும் கூடும். அதனால் இது பொருந்திய இடங்களில் மட்டும் இரண்டாவதாக ஒரு கடுமையான சோதனை நடக்கும். முதல் பதிப்புகளில் எம்டி4, பிறகு எம்டி5 என்ற 128 பிட் கணக்கு அதற்குப் பயன்பட்டது. எளிய கணக்கு எங்கும் ஓடும். கனமான கணக்கு தேவைப்பட்ட இடத்தில் மட்டும்.

லாபம் எவ்வளவு? ஃபைலின் அளவுக்கு ஏறத்தாழ வர்க்கமூலமாகத் துண்டின் அளவைத் தேர்ந்தெடுப்பது ஆர்சிங்கின் வழக்கம். 1 ஜிபி ஃபைலுக்கு அது 32,768 பைட். துண்டுகளின் எண்ணிக்கையும் 32,768. ஒரு துண்டுக்கு 20 பைட் அடையாளம் என்றாலும் மொத்தம் 640 கேபிதான். அதோடு மாறிய பகுதியும் சேர்ந்து போனால் வேலை முடிந்தது.

இங்கே பல ஆபீஸ்களில் நடக்கும் ஒரு கோளாறைச் சொல்லியாக வேண்டும். சர்வரின் ஃபோல்டரை மூலைச் சிஸ்டத்தில் நெட்வொர்க் டிரைவாக இணைத்து, அதன்மேல் ஆர்சிங்கை ஓட்டுவார்கள். அப்போது கணக்குப் போடுவது ஒரு சிஸ்டம் மட்டுமே. சர்வரின் ஃபைலுக்கு அடையாளம் கணக்கிட வேண்டுமென்றாலே அது முழுவதையும் கேபிள் வழியே இழுத்துத்தான் படிக்க வேண்டும். அதில் மிச்சம் ஏதும் இல்லை என்பதால் ஆர்சிங்கும் ஃபைலை முழுசாகவே நகலெடுத்துவிடும். இரண்டு முனையிலும் ஆர்சிங்க் ஓட வேண்டும். ஒவ்வொன்றும் தன் பக்கத்து ஃபைலைத் தானே படித்தால்தான் இந்தக் கணக்குக்கு அர்த்தம்.

முப்பது நாளுக்கு ஒரே டிஸ்க்

சர்வரில் இருப்பதை அப்படியே பிரதிபலிக்கும் ஒரு நகல் நேற்றிரவு வந்துவிட்டது. ஆனால் இன்று காலை கெட்டுப்போன ஃபைல் இன்றிரவு அந்த நகலையும் கெடுத்துவிடும். கெடுதல் உடனே கண்ணில் படுவதும் இல்லை. ஏப்ரலில் அழிந்த ஒரு ஃபோல்டர், வரித் தணிக்கை அறிக்கைக்கான செப்டம்பர் 30 நெருங்கும்போதுதான் தேடப்படும். ஆகவே நகலுக்குக் காலமும் வேண்டும். நேற்றைய நிலை, போன வாரத்து நிலை, போன மாதத்து நிலை எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும்.

முப்பது நாளுக்கு முப்பது முழு நகல் என்றால் 12 டிபி ஆகும். 2 டிபி டிஸ்க்கில் அதை அடக்க யூனிக்ஸ் காலத்திலிருந்தே உள்ள ஹார்டு லிங்க் கைகொடுக்கிறது. டிஸ்க்கில் ஒரு ஃபைலின் உள்ளடக்கம் வேறு, அதன் பெயர் வேறு. பெயர் என்பது உள்ளடக்கம் இருக்கும் இடத்தைக் காட்டும் குறிப்பு மட்டுமே. ஒரு வீட்டின் முகவரியை முப்பது நோட்டில் எழுதி வைத்தாலும் வீடு ஒன்றுதான். ஒரு நோட்டைக் கிழித்துப்போட்டால் வீடு இடிந்துவிடாது. அதேபோல் ஒரே உள்ளடக்கத்துக்கு முப்பது ஃபோல்டர்களில் பெயர் கொடுக்கலாம். கடைசிப் பெயரும் நீக்கப்படும்போதுதான் அந்த இடம் காலியாகும்.

ஒவ்வோர் இரவும் தேதியிட்ட புது ஃபோல்டர் ஒன்று உருவாகிறது. மாறாத ஃபைல்களுக்கு நேற்றைய உள்ளடக்கத்தையே காட்டும் பெயர்கள் மட்டும் போடப்படுகின்றன. மாறியவை மட்டும் புதிதாக எழுதப்படுகின்றன. தினம் 2 ஜிபி மாறுகிறது என்றால் முப்பது நாளுக்கும் சேர்த்து 458 ஜிபி போதும். எந்தத் தேதியைத் திறந்தாலும் அன்றைய முழு சர்வர் கண்முன் நிற்கும். ஏழு நாளைய நகல், நான்கு வாரத்து நகல், பன்னிரண்டு மாதத்து நகல் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழிப்பது பழகிப்போன முறை.

இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஹார்டு லிங்க் முழு ஃபைல் அளவில்தான் மிச்சம் பிடிக்கும். 1 ஜிபி மெயில் ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் டிஸ்க்கில் இன்னொரு ஜிபி செலவாகும். கேபிளில் மிச்சம் பிடிப்பது ஒரு கணக்கு, டிஸ்க்கில் மிச்சம் பிடிப்பது வேறு கணக்கு. இன்னொன்று இதைவிட முக்கியம். மாறாத ஒரு ஃபைல் முப்பது தேதிகளில் தெரிந்தாலும் டிஸ்க்கில் அது இருப்பது ஓரிடத்தில்தான். அந்த இடம் பழுதானால் முப்பது தேதியிலும் அது பழுதுதான். வீட்டு உபயோக டிஸ்க்குகள் பலவற்றின் விவரத்தாளில், நூறு லட்சம் கோடி பிட் படிப்பதற்குள் ஒரு பிட் படிக்க முடியாமல் போகலாம் என்று தயாரிப்பாளர்களே அச்சிட்டிருக்கிறார்கள். அது 12.5 டிபிக்குச் சமம். மாதம் ஒரு முறை, அளவையும் நேரத்தையும் நம்பாமல், இருபக்க ஃபைல்களையும் முழுதாகப் படித்து ஒப்பிட வைப்பது இதற்காகத்தான்.

எழுதிக்கொண்டிருக்கும்போது நகலெடுத்தால்

நகலெடுப்பது ஒரு நொடியில் முடியும் வேலை இல்லை. பதினொரு மணிக்கு ஒரு ஃபைலும் பதினொன்றே காலுக்கு இன்னொரு ஃபைலும் நகலாகும். நடுவில் யாரோ ஒரு ரசீதைப் பதிந்தால், பற்று பழைய ஃபைலிலும் வரவு புதிய ஃபைலிலுமாக, எந்த நேரத்திலும் இல்லாத ஒரு கணக்கு நகலில் உருவாகிவிடும். ஃபைல் திறக்கும், எண்கள் தெரியும், கணக்கு மட்டும் இடிக்கும்.

இதற்கு விடை ஸ்னாப்ஷாட். விண்டோஸில் எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்தில் வந்த ஷேடோ காப்பியும் லினக்ஸில் எல்விஎம்மும் இதைச் செய்கின்றன. பதினொரு மணிக்கு ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் எதுவும் நகலாவதில்லை. அதன்பின் டிஸ்க்கின் ஒரு பகுதியின் மேல் எழுத யாராவது வந்தால், முதலில் பழைய உள்ளடக்கம் தனியிடத்தில் பத்திரப்படுத்தப்படும். பிறகே புதியது எழுதப்படும். ஸ்னாப்ஷாட் வழியாகப் படிக்கிறவருக்குக் கடிகாரம் பதினொரு மணியிலேயே நிற்கும். ஆர்சிங்க் அதைப் பார்த்து நிதானமாக நகலெடுக்கலாம். டேட்டாபேஸ்களுக்கு அவற்றின் சொந்த ஏற்றுமதிக் கருவி உண்டு; முதலில் அதை ஓட்டி, கிடைத்த ஃபைலை நகலெடுப்பது இன்னும் பத்திரம். கணக்கு மென்பொருளை எல்லாச் சிஸ்டத்திலும் மூடிவிட்டுக் கிளம்பச் சொல்வது காசு செலவில்லாத வழி.

சாவி யார் கையில்

இதுவரை எல்லாம் சரியாகச் செய்த ஆபீஸிலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். நகலை அனுப்புவது சர்வரா, எடுப்பது மூலைச் சிஸ்டமா? கேபிளில் ஓடுவது ஒரே தகவல்தான். ஆனால் சர்வர் அனுப்புகிறது என்றால், மூலைச் சிஸ்டத்தில் எழுதவும் அழிக்கவும் சர்வரிடம் உரிமை இருக்கிறது என்று அர்த்தம். சர்வருக்குள் புகுந்தவன் கையில் அந்த உரிமையும் போய்விடும். 2017 மே மாதம் உலகம் முழுவதும் பரவிய வான்னாக்ரை, விண்டோஸின் பழைய ஃபைல் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் சிஸ்டத்துக்குச் சிஸ்டம் தாவியது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் இத்தகைய நிரல்கள், சிஸ்டத்தில் டிரைவாகத் தெரியும் எதையும் விட்டுவைப்பதில்லை. பேக்கப் ஃபோல்டர் ‘இஸட்’ டிரைவாக எட்டும் தூரத்தில் இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

அதனால் மூலைச் சிஸ்டம்தான் போய் எடுத்துவர வேண்டும். சர்வரில் அதற்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கு இருந்தால் போதும். தன்னிடமுள்ள எந்த ஃபோல்டரையும் அது யாருக்கும் பகிரக் கூடாது. சர்வரின் பாஸ்வேர்டு தெரிந்தவருக்கும் இந்த நகலைத் தொட வழி இருக்கக் கூடாது. இந்தச் சிஸ்டத்தில் மெயில் பார்ப்பதும் வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவைச் செருகுவதும் கூடவே கூடாது. எல்லாருடைய பான் எண்ணும் சொத்து விவரமும் இதற்குள்ளும் இருப்பதால், டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து வைப்பதும் அவசியம்.

ஒன்றுக்கொன்று கீழ்ப்படியும் நகல்கள் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை என்பதை அதே 2017-இல், ஜூன் 27 அன்று, மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் கண்டது. உக்ரைனில் பயன்பட்ட எம்.இ.டாக் என்ற வரிக்கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற நாசகார நிரல் உள்ளே புகுந்தது. நிறுவனத்தில் யார் எந்தச் சிஸ்டத்தில் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒன்றில் உள்ளதை மற்றவை தாமாகவே ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில், அந்தப் பட்டியலுக்குத் தனியே பேக்கப் இல்லை. எல்லாம் ஒரே நாளில் அழிந்தன, கானாவில் இருந்த ஒன்றைத் தவிர. தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. அந்தச் சர்வர் நெட்வொர்க்கில் இல்லாமல் போனதால் தப்பியது. கானாவின் இன்டர்நெட் வேகம் போதாததால் அதன் டிஸ்க்கை நைஜீரியா விமான நிலையத்தில் கைமாற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள் என்று ‘வயர்டு’ இதழ் 2018-இல் விரிவாக எழுதியது. 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை நஷ்டம் என்று மெர்ஸ்க் மதிப்பிட்டது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய ‘3-2-1’ விதி இதைத்தான் சுருக்கிச் சொல்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரிலோ வேறு கட்டடத்திலோ. சர்வரில் இருப்பது ஒன்று, மூலைச் சிஸ்டத்தில் இருப்பது இரண்டு. மூன்றாவதுக்கு இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி வீட்டுக்கு எடுத்துப்போனால் போதும். மூலைச் சிஸ்டம் சர்வருக்குக் கீழ்ப்படியாது என்றாலும், அதே கூரையின் கீழ் வரும் தீக்கும் வெள்ளத்துக்கும் கட்டுப்பட்டதுதான்.

சர்வருக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்பதற்கான ஓர் அறிகுறியும் இந்த ஏற்பாட்டில் இலவசமாகக் கிடைக்கிறது. தினம் 2 ஜிபி என்று போய்க்கொண்டிருந்த பேக்கப் ஒரு நாள் 300 ஜிபி என்று காட்டினால், சர்வரில் பெரும்பாலான ஃபைல்கள் ஒரே நாளில் மாறியிருக்கின்றன என்று அர்த்தம். ஆபீஸ் வேலையில் அப்படி நடக்காது. பூட்டும் நிரல் உள்ளே வந்திருக்கலாம். அன்று பழைய தேதிகளைக் கழிக்கும் வேலையை நிறுத்தி, ஆளைக் கூப்பிட வேண்டும். இடம் போதவில்லை என்று நிரல் தானாகவே பழையவற்றை அழித்து வழிவிடுமானால், நல்ல நகலைத் தள்ளிவிட்டுக் கெட்டதைப் பத்திரப்படுத்திவிடும்.

திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்

கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர், தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி டேட்டாபேஸில் நிறுத்துவதற்குள் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடியபோது அது இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. பேக்கப் நிரல் பழைய பதிப்பு, டேட்டாபேஸ் புதிய பதிப்பு. இரண்டும் ஒத்துப்போகாமல் நாள்தோறும் தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் மெயில் சர்வரின் பாதுகாப்பு விதியில் சிக்கி யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. ஒன்றையும் மறைக்காமல் இதை ஊரறிய எழுதியது அந்த நிறுவனத்தின் நேர்மை.

தோற்றால் சொல்லும் எச்சரிக்கை, தானே தோற்றுவிடலாம். எனவே வெற்றி பெற்றால் தினமும் ஒரு தகவல் வருமாறு வைப்பது மேல். அது வராத காலை விசாரிக்க வேண்டிய காலை. அதற்கும் மேலே, மாதம் ஒரு முறை ஒரு வாடிக்கையாளரின் ஃபோல்டரை நகலிலிருந்து எடுத்து, சர்வரில் போடாமல் வேறு சிஸ்டத்தில் போட்டு, டேலியில் திறந்து, பேலன்ஸ் ஷீட் ஏற்கெனவே அச்சிட்டு வைத்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை முழு சர்வரையும் வெற்றுச் சிஸ்டம் ஒன்றில் எழுப்பி, எத்தனை மணி நேரமானது என்று குறித்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் கடைசி வாரத்தில் சர்வர் படுத்தால் எத்தனை நாள் கடை மூடும் என்பதற்கு அந்த எண்ணே விடை.

பேக்கப் போட்டுத் தரும் ஆள் வேலையை முடித்துக் கிளம்பும்போது எத்தனை டிபி, என்ன பிராண்டு என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் கேட்டே ஆக வேண்டியது இதுதான்: “தம்பி, சர்வர்ல உட்கார்ந்துகிட்டு, எல்லா பாஸ்வேர்டும் தெரிஞ்ச ஒருத்தன் நினைச்சா இந்த நகலை அழிக்க முடியுமா?” முடியும் என்றால் அவர் இன்னொரு பிரதி போட்டிருக்கிறார், அவ்வளவுதான். பேக்கப் இனிமேல்தான் போட வேண்டும்.